ஏழு மில்லிமீட்டர் முகம்: கொடிவேரியில் எடுத்த ஒரு சிறு படத்தைப் பெரிதாக்கிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோபிச்செட்டிபாளையம் வட்டாரத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் பயிரிடும் ஒரு குடும்பம். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுப் புது வீடு கட்டியிருந்தார்கள். 2024 தை மாதத்தில் புதுமனை புகுவிழா. கூடத்துச் சுவரில் அந்த வீட்டின் மூத்த தம்பதியின் படங்களை அடுத்தடுத்து மாட்ட வேண்டும் என்பது குடும்பத்தின் விருப்பம்.

அப்பாருடைய, அதாவது தாத்தாவின், படத்தில் சிக்கல் இல்லை. அவர் இருந்த காலத்திலேயே ஈரோட்டு ஸ்டூடியோவில் எடுத்து, என்லார்ஜ் செய்து, தூரிகையால் டச்சிங் செய்த மார்பளவுப் படம் 20×24 அங்குலப் பிரேமில் இருந்தது. ஆத்தாவுக்கு, அதாவது பாட்டிக்கு, தனிப்படம் கிடையாது. எழுபதுகளில் ஓர் ஆடிப் பதினெட்டன்று குடும்பத்தோடு கொடிவேரி அணைக்குப் போனபோது உறவினர் ஒருவர் எடுத்த சிறு படம் மட்டும் தகரப் பெட்டியில் கிடைத்தது. நான்கு பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். இடமிருந்து இரண்டாவது ஆத்தா. பின்னால் அணையின் மீது வழியும் நீர்.

கோபியில் பழைய படங்களை மீட்டு அச்சிடும் வேலை செய்கிறேன். கார்த்திகையில் பேரன் இந்தப் படத்தோடு வந்தார். "தரம் குறையாமல் பெரிதாக்கித் தர வேண்டும் அண்ணா" என்றார். எல்லோரும் கேட்பது இதைத்தான். ஆனால் பெரிதாக்கும் வேலையில் எழும் கேள்விகள் ஒரே படத்தில் இத்தனை சேர்ந்து வருவது அரிது. குடும்பத்தாரின் இசைவோடு, ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

கையில் வந்த அச்சு

வெள்ளை ஓரத்தை விட்டுவிட்டால் படம் 56 மில்லிமீட்டர் சதுரம். இது கான்டாக்ட் பிரிண்ட்: நெகட்டிவை நேராகக் காகிதத்தின் மேல் வைத்து ஒளி பாய்ச்சி எடுப்பது. நெகட்டிவ் என்ன அளவோ அச்சும் அதே அளவு. உறவினரிடம் இருந்தது அக்ஃபா கிளிக் 3 என்று குடும்பத்தார் நினைவு வைத்திருந்தார்கள். 120 என்ற அகல ஃபிலிமில் ஏறக்குறைய 6×6 சென்டிமீட்டர் அளவில் பன்னிரண்டு படங்கள் எடுக்கும் எளிய கேமரா அது. ஒற்றை லென்ஸ், ஃபோகஸ் செய்ய வழியில்லை, வெயில், மேகம் என்று இரண்டு நிலைகள். அந்த லென்ஸில் நடுப்பகுதி ஓரளவு கூர்மையாக விழும், ஓரங்கள் குழையும். ஆத்தா நடுவுக்குப் பக்கத்தில் நின்றது நல்லதாயிற்று. வலது கோடியில் நிற்பவரைப் பெரிதாக்கக் கேட்டிருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

ஆத்தாவின் முகம், மோவாயிலிருந்து உச்சி வரை, அச்சில் 7 மில்லிமீட்டர்.

அச்சில் நான்கு வகைப் பழுதுகள் இருந்தன. நெற்றியில் குங்குமக் கறை: ஆத்தா இறந்தபின் யாரோ படத்துக்கே பொட்டு வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். தலைமுடி போன்ற கறுத்த இடங்களில் நீலம் கலந்த மினுக்கம்: அச்சிலுள்ள வெள்ளி காலப்போக்கில் ஆக்சிஜனேற்றம் அடைந்து மேற்பரப்புக்கு வந்து படிவதால் ஏற்படுவது. ஓரங்களில் மஞ்சள் நிறம். படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ ரசாயனத்தைச் சரியாகக் கழுவாத அச்சுகளில் இது வழக்கமாக வரும். கீழ் மூலையில் ஒரு மடிப்புக் கீறல். இவை தவிர முகத்தைச் சுற்றிச் சில கரும்புள்ளிகள். மோவாயின் நடுவிலும் ஒன்று இருந்தது.

என்னிடம் வருவதற்கு முன்

பேரன் ஏற்கெனவே ஒரு முயற்சி செய்திருந்தார். அச்சைக் கைப்பேசியில் படம் எடுத்து, வாட்ஸ்அப்பில் உறவினர் ஒருவருக்கு அனுப்பி, அவர் அதை ஒரு செயலியில் போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தார். முகம் திரை முழுவதும் பளிச்சென்று இருந்தது. இமை முடிகளை எண்ணலாம். ஆனால் அச்சில் இமை முடி ஒன்றுகூடத் தெரியவில்லை.

எங்கிருந்து வந்தன என்று பார்த்தபோது செயலி செய்தது விளங்கியது. கைப்பேசிப் படம் கறுப்பு வெள்ளையாக மாற்றப்பட்டபோது குங்குமக் கறை கரிய திட்டாகியிருந்தது. செயலி அதை நெற்றியில் விழும் முடிக்கற்றை என்று எடுத்துக்கொண்டு இழை இழையாக வரைந்திருந்தது. மோவாய்ப் புள்ளி மறைந்திருந்தது. மூக்குத்தி இருந்த இடத்தில் ஒளிப்புள்ளி இல்லை. தோடு போட்டுப் போட்டுத் தொங்கிய காது மடல், இளம்பெண்ணின் காதாக ஒட்டிப்போயிருந்தது.

முகங்களைச் சீர்செய்யும் இத்தகைய கருவிகள் ஏராளமான முகப்படங்களைக் கொண்டு பயிற்சி பெற்றவை. தெளிவற்ற முகம் ஒன்றைக் கொடுத்தால் அதற்குப் பொருந்தக்கூடிய ஒரு முகத்தைத் தருகின்றன. அது அந்த ஆளின் முகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் கணக்கில் இல்லை. 2020-இல் வெளியான ஓர் ஆய்வுக் கருவி, ஒபாமாவின் பிக்சல் பிக்சலாகக் குறைத்த படத்தை ஒரு வெள்ளைக்காரரின் முகமாகப் பெரிதாக்கியது உலகெங்கும் பேசப்பட்டது. எல்லோருக்கும் தெரிந்த முகம் என்பதால் அந்தத் தவறு உடனே பிடிபட்டது. இந்த ஆத்தாவின் முகத்தைப் பேரனே பார்த்ததில்லை. அவர் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டவர். மாறியிருக்கிறது என்று சொல்ல அந்த வீட்டில் யாரும் இல்லை. பேரனுக்கு அந்தப் படம் பிடித்திருந்தது. அச்சிடும்போது இன்னும் கொஞ்சம் கூர்மை சேர்க்க முடியுமா என்பதே அவர் கேள்வி.

அவரிடம் அச்சையும் செயலிப் படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். காதைப் பார்த்ததும் பேசாமல் இருந்தார். பிறகு, "தாராபுரத்தில் அத்தை இருக்கிறார், அவருக்குத் தெரியும்" என்றார். ஆத்தாவின் மகள் அவர்.

அச்சில் எவ்வளவு இருக்கிறது

ஸ்கேனரில் முதலில் கறுப்பு வெள்ளையாக அல்ல, வண்ணத்தில், ஒவ்வொரு வண்ணத்துக்கும் 16 பிட் ஆழத்தில், டிஃப் கோப்பாக எடுத்தேன். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வண்ண ஸ்கேன் எதற்கு என்று பலரும் கேட்பார்கள். பழுது நீக்கும் வேலையில் பாதி அதில்தான் இருக்கிறது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

அங்குலத்துக்கு 600, 1200, 2400 பிக்சல் என மூன்று நிலைகளில் எடுத்து ஒப்பிட்டேன். 2400-இல் கூடுதலாகக் கிடைத்தது காகிதத்தின் இழையும் மேற்பரப்பின் கீறலும் மட்டுமே. ஸ்கேனர் பெட்டியின் மேல் 6400 என்றோ 9600 என்றோ எழுதியிருக்கலாம். அச்சில் இல்லாததை அந்த எண் கொண்டுவராது.

அச்சில் உண்மையில் எவ்வளவு விவரம் இருக்கிறது என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. 1200-இல் எடுத்த கோப்பை 600-க்குக் குறைத்து, திரும்பவும் 1200-க்கு உயர்த்தி, மூலக் கோப்போடு ஒப்பிட வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை என்றால், குறைத்தபோது எதுவும் தொலையவில்லை. தொலைவதற்கு அங்கே எதுவும் இல்லை என்று பொருள். இந்தப் படத்தில் முகப்பகுதி அப்படித்தான் இருந்தது. 300-க்குக் குறைத்து உயர்த்தியபோது மேலிமையும் புருவமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. எனவே உண்மையான விவரம் 300-க்கும் 600-க்கும் இடையில். தாராளமாக 600 என்றே வைத்துக்கொண்டேன். 7 மில்லிமீட்டர் முகத்துக்கு உச்சியிலிருந்து மோவாய் வரை சுமார் 165 பிக்சல்கள். இதுதான் ஆத்தாவைப் பற்றிக் கேமரா விட்டுச்சென்ற மொத்தச் சொத்து.

அடுத்தது கண். சாதாரணப் பார்வை உள்ளவர், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு வரை பிரித்துப் பார்ப்பார் என்பது பொதுவான கணக்கு. அதன்படி கையில் பிடித்துப் பார்க்கும் 25 சென்டிமீட்டர் தூரத்தில் அங்குலத்துக்கு 350 பிக்சல் வேண்டியிருக்கும். ஒரு மீட்டரில் 87 போதும். ஒன்றரை மீட்டரில் 58. இரண்டு மீட்டரில் 44.

குடும்பம் விரும்பியது 20×24 அங்குலத்தில் முகம் நிறைந்த படம். அதாவது முகம் சுமார் 35 சென்டிமீட்டர் உயரம், ஐம்பது மடங்கு பெரிதாக்கம். 600-ஐ ஐம்பதால் வகுத்தால் அங்குலத்துக்குப் 12 பிக்சல். அது கண்ணுக்கு உறுத்தாமல் தெரிய ஏழு மீட்டருக்கு அப்பால் நிற்க வேண்டும். கூடத்தின் நீளமே அவ்வளவு இல்லை. இந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியபோது பேரனுக்கு உடனே புரிந்தது. தரம் குறைகிறது என்று பொதுவாகச் சொன்னால் வேலை தெரியாதவன் சொல்லும் சாக்கு என்று நினைப்பவர்கள், மீட்டரில் சொன்னால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

நெகட்டிவ் கிடைத்தால் நிலைமை சற்று மாறும். அச்சில் காகிதம் விழுங்கிவிடும் நிழல் விவரங்களும் வெளிச்ச விவரங்களும் நெகட்டிவில் இருக்கும். கேமரா வைத்திருந்த உறவினரின் வீட்டில் கேட்டார்கள். எதுவும் மிஞ்சவில்லை.

புள்ளிகளைப் பிரித்தறிதல்

முகத்திலும் அதைச் சுற்றியும் இருந்த கறைகளில் எது நீக்க வேண்டியது, எது ஆத்தாவுக்குச் சொந்தமானது? டச்சிங் வேலையில் கைப்பழக்கம் முந்திக்கொள்ளும். புள்ளி என்றால் துடைத்துவிடத் தோன்றும். 165 பிக்சல் முகத்தில் ஒரு புள்ளியைத் துடைப்பது சிறிய காரியம் அல்ல.

குங்குமத்தை வண்ண ஸ்கேன் காட்டிக்கொடுத்தது. சிவப்புப் பொருள் சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். பச்சையையும் நீலத்தையும் விழுங்கும். வண்ண ஸ்கேனில் ஒவ்வொரு நிற ஒளியும் தனித்தனி அடுக்காகப் பதிவாகும்; அதுதான் சேனல். ஆகவே ஸ்கேனின் பச்சை, நீல சேனல்களில் கரிய திட்டாகத் தெரிந்த கறை, சிவப்பு சேனலில் ஏறக்குறைய மறைந்துவிட்டது. கறைக்கு அடியில் இருந்த நெற்றியும் வகிடும் அப்படியே வெளிவந்தன. ஓரத்து மஞ்சளும் அதே சேனலில் பெருமளவு குறைந்தது. ஒரு பிக்சலைக்கூட வரையாமல் இவ்வளவும் கிடைத்தது. அச்சின் மேல் ஒட்டியிருந்த உதிரித் தூளை மென்மையான தூரிகையால் தட்டி எடுத்தேன், ஈரம் தொடவில்லை. நனைந்த ஜெலட்டின் படலம் மென்மையாகிவிடும், கறையைத் துடைக்கும் பஞ்சு முகத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

மோவாய்ப் புள்ளி மூன்று சேனல்களிலும் கரியதாகவே இருந்தது. அப்படியானால் ஒன்று அது படத்தின் வெள்ளியிலேயே பதிந்தது, அல்லது மேலே ஒட்டிய கரிய அழுக்கு. அச்சைச் சாய்வான ஒளியில் பெருக்காடியால் பார்த்தேன். சுற்றியிருந்த புள்ளிகளில் பல மேடாகத் தெரிந்தன. ஈ எச்சமோ தூசியோ. மோவாய்ப் புள்ளிக்கு மேடு இல்லை, நிழலும் இல்லை. ஆனாலும் நெகட்டிவில் இருந்த குறை அச்சில் இறங்கியிருக்கலாம் அல்லவா? இதைப் படம் மட்டுமே தீர்க்க முடியாது.

பேரனோடு தாராபுரத்துக்குப் போனேன். அத்தைக்கு வயது எண்பதை நெருங்குகிறது. கண்புரை அறுவை செய்துகொண்டவர், பார்வை நன்றாகவே இருக்கிறது. முதலில் செயலிப் படத்தைக் காட்டினார்கள். "இது யாருடைய பெண் கண்ணு?" என்று பேரனைக் கேட்டார். பிறகு நான் கொண்டுபோயிருந்த ஸ்கேனின் பெரிதாக்கிய முகத்தைப் பார்த்தார். தெளிவில்லாத படம்தான். அதைத் தயக்கமின்றி அம்மா என்றார். மோவாய்ப் புள்ளியைப் பற்றிக் கேட்டேன். அது பச்சை, திருமணத்துக்கு முன்பே ஊருக்கு வந்த குறத்தியிடம் குத்திக்கொண்டது என்றார்.

அத்தையின் வீட்டில் இன்னொரு சான்றும் இருந்தது: அவருடைய திருமணக் குழுப்படம். பெரிய கேமராவில் எடுத்த ஃபுல் பிளேட் அச்சு, ஆறரைக்கு எட்டரை அங்குலம். அதில் ஆத்தாவின் முகம் 9 மில்லிமீட்டர். லென்ஸ் நல்ல லென்ஸ், எனவே கொடிவேரிப் படத்தைவிடப் பல மடங்கு தெளிவு. ஆனால் ஆத்தா குனிந்து கண்ணை மூடியிருக்கிறார். முகத்தில் பாதி பந்தல் நிழல். மேலும் அச்சு பிரேமின் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. மழைக்காலத்து ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்; பிய்த்தால் படம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியை அகற்றாமல், அதன் ஊடாகவே படம் எடுத்துக்கொண்டேன். நிழல் விழாத பக்கத்தில் மோவாய்ப் பச்சை தெளிவாக இருந்தது.

தெளிவான படம் கிடைத்தபின் கொடிவேரிப் படம் எதற்கு? அல்லது குழுப்படத்திலிருந்து காதையும் மூக்குத்தியையும் எடுத்துக் கொடிவேரி முகத்தில் பொருத்தலாமே? இரண்டையும் பேரன் கேட்டார். இரண்டாவதை நான் மறுத்தேன். இரண்டு படங்களுக்கும் இடையில் பத்தாண்டுக்கு மேல் இருக்கிறது, ஒளியின் திசையும் தலையின் சாய்வும் வேறு. பொருத்தினால் எந்த நாளிலும் இருந்திராத ஒரு முகம் உருவாகும். செயலி செய்ததை நான் கையால் செய்ததாகிவிடும். முதலாவதை அத்தை தீர்த்தார். கண்ணைத் திறந்திருக்கும் படம்தான் வேண்டும் என்றார். குழுப்படத்தைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று.

பெரிதாக்கும் முறை

அச்சிடப் பயன்பட்டது ஸ்கேன் அல்ல. கூந்தலில் இருந்த வெள்ளி மினுக்கம் ஸ்கேனரின் விளக்கொளியைத் திருப்பி அனுப்பி, கருமையைச் சாம்பலாக்கியது. எனவே அச்சைக் கேமராவில், மிக அருகில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ் கொண்டு மறுபடி எடுத்தேன். இரு பக்கமும் 45 பாகையில் விளக்குகள், விளக்கின் முன், ஒரே தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் போலரைசர் தாள், லென்ஸின் முன் அதற்குக் குறுக்காகத் திருப்பிய போலரைசர். மேற்பரப்பில் பட்டு நேராகத் திரும்பும் ஒளி இப்படித் தடுக்கப்படும். மினுக்கம் மறைந்து கூந்தல் கறுப்பாகும். 70, 80-களின் தேன்கூடு போன்ற மேடு பள்ளமுள்ள காகிதத்தில் அச்சிட்ட படங்களுக்கும் இதே முறை நன்றாகப் பயன்படும். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் கேமராவில் 56 மில்லிமீட்டர் சதுரத்துக்கு 4000 பிக்சல் கிடைத்தது, அங்குலத்துக்குச் சுமார் 1800. தேவைக்கு மேலேயே இருந்தது. குங்குமம் மறைய இதிலும் சிவப்பு சேனலையே எடுத்துக்கொண்டேன்.

இங்கே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, முகம் வரையும் தன்மை இல்லாத பொதுவான பெரிதாக்கும் மென்பொருள். மற்றொன்று, பக்கத்துப் பிக்சல்களைக் கொண்டு இடைவெளியைக் கணக்கிட்டு நிரப்பும் பைக்யூபிக் போன்ற பழைய முறை. முதல் வழியையும் ஓட்டிப் பார்த்தேன். முகத்தில் பெரிய தீங்கு இல்லை. ஆனால் சேலைக் கரையில் இல்லாத கட்டங்களை நெய்தது. பின்னால் வழியும் நீரைப் பாறைச் செதுக்கல் போலாக்கியது. முகத்துக்குப் பழைய முறையும் பின்னணிக்குப் புதிய முறையும் என்று கலக்கலாம் என்பார்கள். அப்படிக் கலந்தால் ஒரே படத்தில் இரண்டு கூர்மை தெரியும். முகம் வெட்டி ஒட்டியது போலிருக்கும். எனவே முழுப் படத்துக்கும் பழைய முறையே.

தூசிப் புள்ளிகள், மடிப்புக் கீறல் ஆகியவற்றை மட்டும் பெரிதாக்குவதற்கு முன்பே நீக்கினேன். பெரிதாக்கிய பிறகு துடைத்தால் துடைத்த இடம் தனியாகத் தெரியும். பச்சை அப்படியே இருந்தது. கூர்மையூட்டல் கடைசியில், அச்சளவு முடிவான பிறகு, மிதமாக. அதற்கும் பின், ஃபிலிம் படங்களில் தெரியும் பொடிப் புள்ளிகள் போன்ற மிக மெல்லிய மணித்தன்மையைப் படம் முழுக்கச் சேர்த்தேன். இது ஒரு சலுகை என்றே சொல்ல வேண்டும், புதிய விவரம் எதையும் தராது. மணியே இல்லாத மழமழப்பான பரப்பைக் கண் மங்கல் என்று படிக்கிறது. சிறிது மணி இருந்தால் அதையே புகைப்படம் என்று ஏற்றுக்கொள்கிறது.

எந்த அளவில் நிறுத்துவது

கணக்கு ஓர் எல்லையைக் காட்டும். முடிவைச் சுவர்தான் சொல்ல வேண்டும். எட்டு மடங்கு, பத்து மடங்கு, பதினான்கு மடங்கு என்று முகப்பகுதியை மட்டும் சிறு தாள்களில் அச்சிட்டு, புது வீட்டுக் கூடத்தில் படம் மாட்டப்போகும் உயரத்திலேயே ஒட்டினோம். முழு அளவில் அச்சிட்டுப் பார்த்துக் கைவிடுவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு.

பதினான்கு மடங்கில் கண்கள் கரைந்தன. எட்டு மடங்கு நன்றாக இருந்தது, ஆனால் கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தால் யார் என்று தெரியவில்லை. பத்து மடங்கு: முகம் 7 சென்டிமீட்டர், அங்குலத்துக்கு 60 உண்மைப் பிக்சல், ஒன்றரை மீட்டரில் நின்றால் கண்ணுக்குக் குறை தெரியாது. படத்துக்குக் கீழே மர பெஞ்ச் போடுவதால் அதற்குள் யாரும் நெருங்கிப் பார்க்கவும் வாய்ப்பில்லை. அச்சில் 30×38 மில்லிமீட்டர் பகுதி, பத்து மடங்கில் 12×15 அங்குலப் படம். இடுப்பு வரை தெரியும். தோளில் சுற்றிய சேலைத் தலைப்பும், பக்கத்தில் நின்றவரின் கை ஆத்தாவின் தோளில் இருப்பதும் தெரியும். அந்தக் கையை நீக்கிவிடலாமா என்று கேட்டார்கள். அதன் பின்னால் என்ன இருந்தது என்று படத்தில் இல்லை, ஆகவே வரைய வேண்டியிருக்கும் என்றேன். விட்டுவிட்டார்கள்.

அடுத்து எழுந்த தடையை நான் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் மாட்டும் அப்பாருடைய படத்தில் முகம் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. அப்பாரு ஓங்கியும் ஆத்தா ஒடுங்கியும் தெரிவதை வீட்டுப் பெண்கள் ஒருவரும் விரும்பவில்லை. ஆத்தாவின் படத்தை இதற்கு மேல் பெரிதாக்க வழியில்லை. அப்பாருடைய படத்தைச் சிறிதாக்க வழி உண்டு. பழைய பிரேமைக் கழற்றி அதைப் படமெடுத்து, முகம் 7 சென்டிமீட்டர் வரும்படி 12×15-இல் அச்சிடுவது, மூலத்தை உள்ளறையில் பத்திரப்படுத்துவது என்று சொன்னேன். பெரியவரின் படத்தைச் சிறிதாக்குவதா என்று ஒரு நாள் முழுக்க வீட்டில் பேச்சு நடந்ததாகப் பேரன் சொன்னார். அத்தை தொலைபேசியில் சம்மதம் சொன்ன பிறகு எல்லோரும் இசைந்தார்கள்.

அச்சும் பிரேமும்

இரண்டு படங்களையும் பளபளப்பில்லாத பருத்திக் காகிதத்தில் நிறமி மையால் அச்சிட்டோம். பளபளப்பான தாளில் ஜன்னல் ஒளி பட்டுத் தெறிக்கும், மென்மையான படத்தின் குறையும் எடுப்பாகத் தெரியும். இரண்டுக்கும் ஒரே வெதுவெதுப்பான சாம்பல் நிறம். பிரேம் 20×24, நான்கு புறமும் நான்கு அங்குலத்துக்குக் குறையாத வெள்ளை மவுண்ட், அதாவது படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை. சுவரில் குடும்பம் எதிர்பார்த்த பரப்பு கிடைத்துவிட்டது. மவுண்ட் அழகுக்கு மட்டும் அல்ல. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்று நிற்க இடம் விடுகிறது. அத்தை வீட்டுக் குழுப்படத்துக்கு நேர்ந்தது இதற்கு நேராது. பொட்டு வைப்பதும் மாலை போடுவதும் இனிக் கண்ணாடிக்கும் பிரேமுக்கும்தான்.

கொடிவேரி அச்சை அமிலமில்லாத தாளில் பொதிந்து, பாலியெஸ்டர் உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். லேமினேஷன் செய்துவிடலாமே என்று கேட்டார்கள். செய்தால் பிறகு எவராலும் பிரிக்க முடியாது, செய்யாதீர்கள் என்றேன்.

பின்னர் நடந்தது

விழாவன்று கூடத்தில் இரண்டு படங்களும் இணையாக இருந்தன. ஆத்தாவை நேரில் அறிந்த முதியவர்கள் படத்தைப் பார்த்ததும் அடையாளம் கண்டார்கள். ஒருவர் பச்சையைச் சுட்டிக்காட்டித் தன் கையிலிருந்த பச்சையையும் காட்டினார். நுழைவாயிலில் வேறு கதை. உறவுக்காரப் பையன் ஒருவன் வரவேற்பு ஃபிளெக்ஸில் அந்தச் செயலி முகத்தைப் போட்டிருந்தான். ஃபிளெக்ஸைப் பார்த்தவர்களில் சிலர் அது வீட்டின் எந்தப் பெரியம்மா என்று விசாரித்தார்கள். இளையவர்களுக்கு ஃபிளெக்ஸ் முகமே பிடித்திருந்தது. "தெளிவாக இருக்கிறது" என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். விழாவுக்குப் பிறகும் பங்காளி வீடுகள் இரண்டில் அந்த முகத்தைத்தான் அச்சிட்டு மாட்டியிருக்கிறார்கள் என்று கேள்வி. குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டும் உலவுகின்றன. எது மூலத்திலிருந்து வந்தது என்று கோப்பைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

அடுத்த வேலைகளில் மாறியவை

முகத்தைப் பெரிதாக்க வருபவரிடம், வேலையைத் தொடங்கும் முன்பே, அந்த முகத்தை நேரில் பார்த்தவர் யார் இருக்கிறார் என்று இப்போது கேட்கிறேன். அவர் எந்த ஊரில் இருந்தாலும் சோதனை அச்சு அவரிடம் போய் வந்த பிறகே முழு அளவு. அவரிடம் இருக்கும் மற்றப் படங்களையும், குழுப்படமானாலும், கண் மூடிய படமானாலும், கொண்டுவரச் சொல்கிறேன்.

கைப்பேசியில் எடுத்து அனுப்பிய படத்தை மூலமாக ஏற்பதில்லை. அச்சே வர வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருந்தால் கண்ணாடியோடு வர வேண்டும்.

ஃபிளெக்ஸ் வைக்கப்போகிறார்களா என்று முதலிலேயே கேட்டு, அதற்கென ஒரு கோப்பைச் சேர்த்தே கொடுக்கிறேன். ஃபிளெக்ஸ் பல மீட்டர் தூரத்திலிருந்து பார்க்கப்படுவது. கொடிவேரி முகமே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கும். கடைசி நேரத்தில் கையில் கிடைத்த படத்தைப் போடும் நிலைமை இதனால் குறைகிறது, முற்றிலும் நிற்கவில்லை.

பிரேமின் பின்புறம் ஒரு சீட்டு ஒட்டுகிறேன். அதே வரிகள் கோப்போடும் போகின்றன. மூலம் எது, எத்தனை மடங்கு, எதை நீக்கியது, எதை விட்டது. இந்தப் படத்தின் சீட்டில் உள்ளவை: 56 மில்லிமீட்டர் கான்டாக்ட் அச்சு, பத்து மடங்கு, குங்குமக் கறை, தூசி, மடிப்பு நீக்கப்பட்டன, முகத்தில் எதுவும் வரையப்படவில்லை, மோவாயில் இருப்பது பச்சை, துடைக்க வேண்டாம்.